ரோஜாவுக்குப் போட்ட மூட்டம்

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்த என்னை, ஏலக்காய் வாசனையைத் தவிர வேறு வாசனையே தெரியாத ஒரு வீட்டில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சின்னத்துரை தங்கமானவர், குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார் என்று சொன்னார்கள். அதெல்லாம் உண்மைதான். அப்பா எதிரில் வாயையே திறக்க மாட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த அப்பா, அதாவது என் மாமனார் பிச்சைமணி, போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். மலையில் எந்தத் தோட்டத்துக் காய் என்று ஒன்றைக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். வாய்ச்சொல்லை மாற்றினார் என்று ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டு வரை ஒருத்தர் சொன்னதில்லை. வீட்டில் மாமியார் இல்லை. நான், என் வீட்டுக்காரர், மாமனார், நாத்தனார் செல்லக்கனி, அவ்வளவுதான்.

என் அப்பா கொடைக்கானலில் ஒரு பெரிய பங்களாவில் தோட்டக்காரர். கல்யாணமான மறுமாதமே அவரிடமிருந்து பன்னிரண்டு சிவப்பு ரோஜாச் செடிகளைத் தகர டப்பாக்களில் வைத்து பஸ்சில் கொண்டுவந்தேன். வத்தலக்குண்டு வரை கண்டக்டர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பின்கட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த இடத்தில் அவற்றை நட்டேன். போடி வெயிலுக்கு ரோஜா வராது என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தது. மூன்று வருஷத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்தது.

ஐம்பத்துநாலாம் வருஷம் நவம்பரில்தான் வம்பு வந்தது. கடையில் சரக்கு வைக்க இடம் போதவில்லை, பின்கட்டில் ஒரு கிட்டங்கி எடுக்கப் போகிறேன் என்றார் மாமா. நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அங்க ரோசா இருக்கு மாமா."

"ரோசாவத் தின்ன முடியுமா தாயி?"

"ஏலக்காய மட்டும் வயிறு முட்டத் தின்ன முடியுமா?"

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. மாமா என்னை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது அவருக்கு.

"சரி, பந்தயம். தை மாசம் இருபத்தாறாந் தேதி... இல்ல, சனவரி இருபத்தாறு, நம்ம செல்லக்கனி கல்யாணம். மாலை, பொண்ணு கையில பிடிக்கிற பூ, கோயில் பூ எல்லாம் உன் தோட்டத்துப் பூவுலயே முடிச்சுரு. இடம் உனக்கு. ஒரு முழம் வெளியில வாங்கினாலும் கொத்தனார் கன்னையன் வந்து கிட்டங்கிக்குக் கயிறு பிடிப்பாரு. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். பன்னிரண்டு செடியும் மொட்டும் பூவுமாகத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. திமிர் இருக்காதா?

திமிர் பத்து நாள்தான் நின்றது. பனி விழத் தொடங்கியதும் கொழுந்து இலைகளில் வெள்ளையாக எதையோ தூவியது போலத் தெரிந்தது. விரலால் துடைத்தால் போனது. மறுநாள் இரண்டு மடங்காக வந்தது. இலை சுருண்டது. மொட்டின் காம்பெல்லாம் மாவு பூசிக்கொண்டது. சாம்பல் நோய். என் அப்பா அதற்கு ஒரே ஒரு மருந்துதான் வைத்திருந்தார்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இங்க பாருங்க, கடையிலதான் கந்தகம் இருக்குமே, கொஞ்சம் கொண்டாங்க. ரோசாவுக்கு அதுதான் மருந்து. போட்டா ஒரே வாரத்துல நோய் ஓடிரும்."

"கந்தகமா? அதுக்கென்ன, நெறையக் கெடக்கு" என்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தனக்குத் தெரிந்த சமாச்சாரம் ஒன்று என் தோட்டத்திலும் உதவப் போகிறதே என்கிற சந்தோஷம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாமா காய் பார்க்க போடிமெட்டுக்கு ஜீப்பில் போய்விட்டார். தலைவலி என்று சொல்லி என் வீட்டுக்காரர் கோயிலுக்கு வரவில்லை. நானும் செல்லக்கனியும் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தோம். தெருமுனையிலேயே செல்லக்கனி மூக்கைப் பொத்தினாள். நான் ஓடினேன்.

பின்கட்டில், கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய தார்ப்பாய் என் பன்னிரண்டு செடிகளையும் மூடிக்கொண்டு கிடந்தது. நான்கு ஓரத்திலும் கல். இடுக்கெல்லாம் சாக்கு. பக்கத்தில் என் வீட்டுக்காரர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஆனால் அவ்வளவு பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"லில்லி, ஒன் சோலி முடிஞ்சுது. ரெண்டு மணி நேரம் மூட்டம் போட்டாச்சு. இனிமே ஒரு பூச்சி பொட்டு இருக்காது பாரு."

இங்கே ஏலக்காய் வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியூர் வியாபாரிகள் சிலர் பச்சைக் காயைத் தொட மாட்டார்கள். வெள்ளையாக இருந்தால்தான் முதல்தரம் என்பார்கள். அவர்களுக்காக, நனைத்த காயைத் தட்டுகளில் பரப்பி ஒரு சின்ன அறையில் அடைத்து, உள்ளே சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவிடுவார்கள். அந்தப் புகையில் காய் வெளுத்துவிடும். இதற்குப் பெயர்தான் மூட்டம். என் அப்பாவுக்குக் கந்தகம் என்றால் தூவுகிற பொடி. இந்த வீட்டில் கந்தகம் என்றால் கொளுத்துகிற கட்டி. "போட்டா" என்று நான் சொன்னதும், இவருக்குப் போடத் தெரிந்த ஒரே விதத்தில் போட்டுவிட்டார்.

தார்ப்பாயை எடுத்தோம். இலையெல்லாம் வெந்த கீரை. அதற்கு நடுவில், ரத்தச் சிவப்பாக இருந்த என் ரோஜாக்கள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று நின்றன.

முதலில் பேசியது செல்லக்கனிதான். "அண்ணே, ரோசாவையும் முதல்தரச் சரக்கா ஆக்கிட்டியே!"

அவள் சிரித்த சிரிப்பில் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். காயைத் தவிர உலகத்தில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். உங்களையே தார்ப்பாய்க்குள் போட்டு மூடியிருக்கவேண்டும் என்றேன். அவர் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நோயாவது போச்சா?" என்றார் கடைசியில்.

"செடியே போச்சு!"

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். அது புகையால் வந்த நீர் மட்டும் இல்லை. அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. பொடி செய்து தூவவேண்டும் என்று நானும்தானே சொல்லவில்லை? மாமாவுக்குத் தெரிந்தால், ஏலக்காய்ச் சந்தை முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார். என் வீட்டுக்காரரால் ஒரு வருஷம் கடையில் தலைநிமிர முடியாது. செல்லக்கனியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கத்தரியை எடுத்தேன்.

சாயங்காலம் மாமா வந்து பார்த்தபோது பின்கட்டில் முழங்கால் உயரத்துக்குப் பன்னிரண்டு குச்சிகள்தான் நின்றன. வெட்டின இடத்திலெல்லாம் சாணி வைத்திருந்தேன்.

"என்ன தாயி இது?"

"நோய் முத்திருச்சு மாமா. அதான் கவாத்துப் பண்ணிட்டேன்."

"கல்யாணத்துக்கு அம்பத்திரண்டு நாள்தான இருக்கு?"

"அம்பது நாள்ல பூத்துரும்" என்றேன். என் அப்பா அப்படித்தான் சொல்வார். நல்ல பனியில் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகும் என்றும் சொல்வார். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

அந்த ஐம்பது நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூன்று வருஷமாகத் தோட்டத்துக்குள் எட்டிப் பார்க்காத மனுஷன், விடிவதற்குள் எழுந்து எனக்கு முன்னால் அங்கே நின்றார். கந்தகக் கட்டியை உடைந்த உரலில் போட்டு இடித்து, மல் துணியில் சலித்து, மையாகப் பொடி செய்தார். அதைத் துணியில் மூட்டையாகக் கட்டி, இலையில் பனி ஈரம் காய்வதற்குள் செடிக்கு மேல் மெதுவாகத் தட்டச் சொன்னேன். வெயில் ஏறிய பிறகு போட்டால் இலை கருகிவிடும். குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி தட்டினார். பதினைந்தாம் நாள் குச்சியெல்லாம் சிவப்பாகத் துளிர் விட்டது. ஒரு துளிரைக் கண்டுபிடித்ததும் அடுக்களை வரைக்கும் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போவார். அடுத்த துளிருக்கும் ஓடி வருவார். தோசை கருகும்.

பொங்கல் சமயத்தில் தண்டில் எறும்பு சாரிசாரியாக ஏறுவதை அவர்தான் முதலில் பார்த்தார்.

"லில்லி, வெரசா வா. எறும்பு மொட்டத் திங்குது!"

எறும்பு தின்னவில்லை. மொட்டுக்குக் கீழே பச்சைப் பேன் மொய்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. அது விடுகிற தித்திப்புக்குத்தான் எறும்பு வரும். புகையிலையை ஊறப்போட்டுக் கொதிக்கவைத்து, பார் சோப்பைச் சீவிக் கரைத்து, ஆறவைத்துத் தெளிக்கவேண்டும். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னேன். அவர் மூன்று தரம் கேட்டுக்கொண்டார்.

"கொதிச்ச உடனே ஊத்தணுமா, ஆறுனப்பறமா?"

"ஆறுனப்பறம்."

"மூடணுமா?"

"எதையும் மூட வேணாம்!"

நான்கே நாளில் பேன் உதிர்ந்தது. செடிக்கு எட்டு, பத்து என்று மொட்டு நின்றது. ஆனால் பனி மட்டும் விடவில்லை. மொட்டெல்லாம் பச்சையாகவே வாயை மூடிக்கொண்டு நின்றன. கல்யாணத்துக்கு முதல்நாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழில்தான் சிவப்புத் தெரிந்தது. கோயிலுக்கும் மாலைக்கும் பதினேழு மொட்டு எந்த மூலைக்கு?

மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் பஸ்சில் திண்டுக்கல்லிலிருந்து இரண்டு கூடைப் பூ வந்து இறங்கியது. நான் அடுக்களைக்குள் போய் வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேலேயே உரித்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அழுத முகத்தோடு யாரும் நிற்கவில்லை, நான் உட்பட. செல்லக்கனி போகும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, நான் யார்ட்டயும் சொல்லல" என்று காதில் சொன்னாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் கன்னையன் கயிறும் முளைக்குச்சியுமாக வந்தார். நான்தான் பின்கதவைத் திறந்துவிட்டேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் அடித்த வெயில் வேலையைக் காட்டியிருந்தது. பன்னிரண்டு செடியும் பூத்திருந்தன. இலை தெரியாமல் பூத்திருந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், அதே பழைய சிவப்பு. கொத்தனார் கையிலிருந்த முளைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா பின்னால் வந்து நின்றார்.

"அழகாத்தான் இருக்கு தாயி. ரெண்டு நாள் முந்தியிருக்கக் கூடாதா?" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "என்ன செய்ய? சொன்ன சொல்லு சொன்னதுதான். கன்னையா, கயித்தப் பிடி."

"சரி மாமா" என்றேன். நான் ஒப்புக்கொண்ட பந்தயம்தானே.

"கொத்தனாரே, கயித்தச் சுருட்டுங்க."

யார் பேசியது என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். கடைக்குப் போகிற சட்டையில், அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். குரல் நடுங்கவில்லை.

"லில்லி தோக்கலப்பா. செடிக்கு நோய் முத்தவும் இல்ல. ரோசாவுக்குக் கந்தகம் மருந்துன்னா. நான் தார்ப்பாயப் போட்டு மூடி மூட்டம் போட்டுட்டேன். எல்லாம் வெந்துபோச்சு. எம் மானம் போயிரக் கூடாதுன்னு அவ ஒங்ககிட்ட மறைச்சா. பந்தயத்துல தோத்தது நான். அவ தோட்டத்த எடுக்காதீங்க."

கொத்தனார் வானத்தைப் பார்த்தார். மாமா மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் போட்ட?"

"ரெண்டு மணி நேரம்."

"பச்சச் செடிக்கு ரெண்டு மணி நேரமாடா? அர மணி நேரமே சாஸ்தியாச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான், தானும் அதையேதான் செய்திருப்பேன் என்று அவருக்கு உறைத்தது. உதடு துடித்தது. பிறகு வெடித்துச் சிரித்தார். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூவு? பூவு வெளுத்துச்சா?" என்று கேட்டார். "வெள்ள வெளேர்னு" என்றேன். அதற்கு இன்னொரு தரம் சிரித்தார்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஏலத்துல நம்ம ஆளே சரக்குல கைய வச்சா அந்த ஏலம் செல்லாது. என் மகன் கைய வச்சிருக்கான். பந்தயம் செல்லாது தாயி. கன்னையா, கடைக்கு மேல ஒரு அறை எடுக்கலாமான்னு வந்து பாரு."

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அவர் அப்பாதான் பெரிது என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். அவரானால் நேராகச் செடிகளுக்கு நடுவில் போனார். இருப்பதிலேயே பெரிய பூவாகப் பார்த்து, அப்பாவும் கொத்தனாரும் நிற்கிறார்கள் என்று கூடப் பாராமல், என் தலையில் வைப்பதற்காக அதைப் பிடித்து இழுத்தார்.

"பிய்க்காதீங்க! கத்தரியால வெட்டுங்க!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

மாமா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, மாடிப்படி எந்தப் பக்கம் வரும் என்று கொத்தனாரிடம் சத்தமாகக் கேட்டார்.