பள்ளிக்கூடத்தில் ஒரு வெல்டிங் பட்டறை

கிடைத்த நிதியில் விழா மேடை கட்டுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தலைமையாசிரியை வெல்டிங் பட்டறை போட்டார். மேல்வகுப்புப் பிள்ளைகள் வெளியே போகும்போது, தொழிற்சாலைகள் மதிக்கிற சான்றிதழ் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "படிக்க அனுப்புனா பத்த வைக்கச் சொல்லித் தராங்க" என்று ஊர் பேசிச் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பெயர் கொடுத்தவள் வாயாடி. வகுப்பில் வாய் ஓயாததால் வந்த பட்டப்பெயர். வெல்டிங் முகமூடியை முகத்தில் இறக்கிவிட்டால் அதே பெண் ஊமையாகி வேலையில் மூழ்குவதை ஜன்னல் வழியே பார்த்துத் தலைமையாசிரியை அசந்துபோவார்.

ஆனால் சான்றிதழ்த் தேர்வில் அவள் தோற்றாள். தொழிற்சாலையிலிருந்து வந்த தேர்வாளர், அவள் ஒட்டிய தகட்டில் ஒரு துண்டை அறுத்து இயந்திரத்தில் வைத்து வளைத்தார். ஒட்டு வாய் பிளந்தது.

"உள்ள கசடு மாட்டியிருக்கும்மா."

லாரி ஓட்டும் அவள் அப்பா தலைமையாசிரியையிடம் வந்தார். "மறுபடி எழுதக் கட்டணம் கட்டணுமாமே டீச்சர். விட்டுடலாமா?"

"அதையும் சேர்த்துத்தாங்க நிதி கேட்டேன். தோத்தவங்களுக்கு எதுக்குன்னு அதிகாரி கேட்டார். தடுக்கி விழறவங்களுக்குத்தானே கை கொடுக்கணும்னு சொன்னேன்."

மறுதேர்வு நாளில் அப்பாவும் வந்து வாசலில் நின்றார். பாதி வேலையில் வாயாடி சட்டென்று நிறுத்தினாள். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை எடுத்து, சற்றுமுன் தானே போட்ட ஒட்டைத் தேய்த்து எடுக்கத் தொடங்கினாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் போகுதும்மா" என்றார் தேர்வாளர்.

"தெரியும் சார். இந்த இடம் சரியில்ல. வளைச்சுப் பாத்துதான் தெரியணுமா?"

நேரம் முடிகிற தறுவாயில் வேலையை முடித்தாள். இந்த முறை துண்டு லாடம்போல் வளைந்தது. ஒரு கீறல் இல்லை. அப்பா அதை வாங்கி வளைவில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

"தன் தப்பைத் தானே வெட்டி எடுக்க எங்க ஆளுங்களே யோசிப்பாங்க. படிப்பு முடிஞ்சதும் எங்ககிட்ட வந்துடும்மா" என்றார் தேர்வாளர்.

"வரேன் சார். ஆனா என் அளவுக்கு முகமூடி வேணும். இது மூக்குல இடிக்குது."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். இத்தனை மாதமும் இவள் அதைப் பொறுத்துக்கொண்டா இப்படி வேலை செய்தாள்? அடுத்த ஆண்டு கேட்ட நிதியில் சின்ன முகமூடிகளுக்கும் இடம் இருந்தது.