விரலுக்குத் தப்பியது

குழந்தைச் சட்டையின் தோள் தையலில் விரலை ஓட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். உள்மடிப்பில் ஒரு நூல் முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது, அவள் விரலுக்குத் தெரியும். அந்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் வேலை. ‘விரலக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது.

அன்று வாசலில் மார்பகப் பரிசோதனை வண்டி வந்து நின்றது. நாற்பது தாண்டிய பெண்கள் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். விரலக்காவுக்கு நாற்பத்தெட்டு. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

“மாசாமாசம் பீரியட்ஸ் முடிஞ்ச நாலாம் நாள் நானே தடவிப் பாத்துக்கறேன். என் கைக்குத் தப்பிடுமா?” என்று சிரித்தாள்.

அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் நாத்தனார் சிரிக்கவில்லை. விரலக்கா தேறியது என்று அனுப்பும் துணிகளில் உடைந்த ஊசித்துண்டு இருக்கிறதா என்று இயந்திரத்தில் விட்டுப் பார்ப்பது அவள் வேலை.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. போன மாசம் நீங்க அனுப்பினதுல ரெண்டு தடவை மெஷின் கத்துச்சு. ரெண்டும் ஊசி முனை. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல.”

விரலக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. விறுவிறுவென்று வண்டிக்குப் போனாள். உடம்பின்மேல் அக்கறையால் அல்ல, ‘இப்ப என்ன சொல்றே?’ என்று கேட்கும் வீம்பில்.

மார்பை இயந்திரத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தியபோது கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். பத்தாம் நாள் போன் வந்தது. இடது மார்பில் மிளகளவுகூட இல்லாத ஒரு புள்ளி. சொன்ன இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றுமே தட்டுப்படவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான். “ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, குணமாக்கிடலாம்” என்றார் டாக்டரம்மா. சின்ன ஆபரேஷன், சில வாரம் கதிர்வீச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் கூட வந்தது நாத்தனார்தான்.

அடுத்த முறை வண்டி வந்தபோது விரலக்கா செக்கிங் மேசையில் இருந்தாள். பக்கத்து மேசைக்காரி தயங்கினாள்.

“எனக்குத்தான் ஒண்ணும் தட்டுப்படலையே அக்கா?”

விரலக்கா அவள் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி வைத்தாள்.

“தடவிப் பாரு, வேண்டாங்கல. ஏதாவது மாறியிருந்தா உடனே டாக்டர்கிட்ட ஓடு. ஆனா நாப்பதுக்கு மேல ஒண்ணுமே தெரியாட்டியும், டாக்டர் சொல்ற மாதிரி வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒருதரம் இந்தப் படம் எடுத்துடு. கைக்குத் தட்டுப்படற அளவுக்கு அது வளரட்டும்னு எதுக்குடி காத்திருக்கணும்?”