முடிவெழுதத் தெரியாத ஒகிமோதோ

அமாகசாகியில் ஒகிமோதோ ரியோஹேயின் மனைவி நத்ஸுயோ இருபத்திரண்டு மாதம் கர்ப்பமாக இருந்தாள். தப்பு முழுக்க ரியோஹேயுடையது. அதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை, அவனுக்கே இல்லை.

வீடியோ கேம்களுக்கு இசையமைப்பது 1983 முதல் அவன் பிழைப்பு. கேம் இசைக்கு முடிவு கிடையாது. தொடக்கம் ஒரே ஒரு முறை வரும். பிறகு கடைசிச் சுரம் போய் நடுவில் ஒரு சுரத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆடுகிற பிள்ளைக்கு ஒட்டு தெரியவே கூடாது. பிள்ளை திரைக்குள் ஒரே கிராமத்தில் மூன்று மணி நேரம் அலைந்தாலும் இசை சுற்றிக்கொண்டே இருக்கும். நாயகன் செத்தால்தான் நிற்கும். ஒட்டுப் போடுவதில் ஒசாகா வட்டாரத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை என்று பேர்.

1988 மார்ச்சில் நத்ஸுயோவுக்கு ஐந்தாம் மாதம். ஜப்பானியப் பஞ்சாங்கத்தில் அந்த மாதம் நாய்க்குரிய நாளில் வயிற்றில் வெள்ளைத் துணி சுற்ற வேண்டும்; நாயைப் போலச் சுளுவாகப் பெற்றுவிடுவாள் என்று நம்பிக்கை. கோயிலில் வாங்கிய துணியை மருத்துவச்சி இகேபே சுற்றிவிட்டாள். சும்மா நிற்க மாட்டாமல் ரியோஹே, வயிற்றருகே கீபோர்டை வைத்து, குழந்தைக்கென்று புதிதாக ஒரு மெட்டு வாசித்தான். நல்ல மெட்டுதான். ஆனால் கைப்பழக்கம் விடுமா? அதன் கடைசியையும் கொண்டுபோய் நடுவில் ஒட்டிவிட்டான்.

ஆகஸ்டில் பத்தாம் மாதம் நிறைந்தது. செப்டம்பர் முதல் தேதி காலை நத்ஸுயோ எழுந்தபோது வயிறு ஐந்தாம் மாதத்துக்குத் திரும்பியிருந்தது. இகேபே நாடாவால் இரண்டு தடவை அளந்தாள், துடிப்பைக் கேட்டாள், குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அதே துணியை மறுபடி சுற்றினாள். பிப்ரவரியில் மறுபடி பத்து நிறைந்தது, மார்ச்சில் மறுபடி ஐந்து. அலுவலகத்தில் ஒரு மெட்டின் ஒட்டைச் சோதித்துக்கொண்டிருந்த ரியோஹேக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

"அப்ப ஒரு முடிவு எழுதிட்டாப் போச்சு. இதுக்குப் போய் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் நத்ஸுயோ.

எழுதத் தெரிந்தால்தானே! எதை வாசித்தாலும் கை தானாகப் பழைய சுரத்தில் போய் விழுந்தது. இரண்டு தடவை வேண்டாமென்று அவன் திருப்பி அனுப்பியிருந்த அனிமே கம்பெனியிடம் தானே போய், தொடரில் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் வரும் இறுதிப் பாட்டைக் கேட்டு வாங்கினான். தொண்ணூறு நொடி, அதற்குமேல் ஒரு நொடி கிடையாது. அந்த நெருக்கடியிலாவது முடிக்கக் கற்றுக்கொள்வோம் என்று கணக்கு. எழுதிக் கொடுத்ததைக் கேட்ட இயக்குநர் தலையைச் சொறிந்தார். "பாட்டு பிரமாதம் சார். ஆனா இது எங்க முடியுது?"

இதற்குள் நத்ஸுயோ பாதியாகிவிட்டாள். கால் வீங்கி, இரண்டு பல் ஆடியது. ஜூலையில் ஒருநாள் இகேபே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாலாவது சுத்த இந்த உடம்பு தாங்காதுப்பா. அவகிட்ட சொல்லல." நாயகன் செத்தால்தான் நிற்கும் என்பதை அன்றுமுதல் ரியோஹேயால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1989 ஆகஸ்ட் முப்பத்தொன்று, நடுப்பகல். விடிந்தால் மறுபடி ஐந்தாம் மாதம். சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. நத்ஸுயோவின் காலடியில் இகேபே உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ரியோஹே அந்த மெட்டை வாசித்தான். மெட்டு முடிவை நெருங்கும்போது வலி ஏறியது; கை திரும்பிப் போனதும் வலி இறங்கியது. ஆறு முறை அப்படியே. ஏழாவது முறை வலியில் நத்ஸுயோ அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு நத்ஸு, கை அங்க போகுது."

"போகக் கூடாது. இங்கயே இருங்க."

அவன் இழுத்தான், அவள் விடவில்லை. இடது கையால் அழுத்தியிருந்த ஒற்றைச் சுரம் மெலிந்து மெலிந்து தானே அடங்கியது. சிள்வண்டுகளும் நின்றன. அவள் பிடி தளர்ந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று ரியோஹே கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அழுகுரல் எதுவும் கேட்கவில்லை. இகேபேயின் கைகளிலிருந்து ஒரு சின்னக் குரல் தெளிவாகச் சொன்னது:

"இன்னொரு தடவ."

"முடியாதுடி கண்ணு," என்றாள் நத்ஸுயோ, கண்ணைத் திறக்காமலே. "முடிஞ்சிருச்சு."

ரியோஹே கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதான்.

நாகி என்று பெயரிட்டார்கள். பிறக்கும்போதே நான்கு பல், தோள்வரை முடி. நகராட்சி எழுத்தர் படிவத்தில் பல்லுக்கு இடமில்லை என்று வருத்தம் தெரிவித்துவிட்டு முத்திரை குத்தினார். ரியோஹே அதன்பிறகு கேம் பக்கம் போகவில்லை. முப்பது ஆண்டு அனிமே தொடர்களுக்கு இறுதிப் பாட்டுகள் எழுதினான், எல்லாம் தொண்ணூறாவது நொடியில் சரியாக நின்றன. அந்த நடுப்பகல் முதல், நாடெங்கும் அவனுடைய பழைய கேம்களிலும் கிராமத்து இசை ஒரு தடவை ஒலித்து முடிந்துவிடுகிறது. முடிந்ததும் திரைக்குள் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆடுகிற பிள்ளைகள் அதற்குள் அந்தக் கிராமத்துக் கடையில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.