மூத்தவள் பார்க்கிற உயரம்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மூக்கண்ணன் நடையின் நடுவில் நிற்கமாட்டார். நிற்க வேண்டி வந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, ஒரு ஆள் போக இடம் விட்டு நிற்பார். அந்த நடையில் போக வர ஆள் கிடையாது. வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான்.

பூனையின் பெயர் மூத்தவள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி வைத்த பெயர். குட்டியாகத் தூக்கி வந்த அன்றைக்கே, இது மூத்தவள், இனிமேல் வருகிறதெல்லாம் இளையது என்று சொல்லிவிட்டாள். இனிமேல் எதுவும் வரவில்லை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார்கள், பிறகு அதையும் விட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். ஐந்து மணிக்கு வீடு திரும்புவாள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மூத்தவள் நாற்காலியை விட்டு இறங்கி, வாசல் கதவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கதவு திறந்ததும் வந்தவளின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடியே, காலுக்கு அரை அடி தள்ளி, சமையலறை வரைக்கும் கூட நடக்கும். அவள் செத்து இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. மூத்தவள் இன்றைக்கும் இறங்குகிறது, கதவுக்குப் போகிறது, உட்காருகிறது. கதவு திறப்பதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அதன் தலை நிமிரும். ஐந்தடி உயரத்தில், அவர் மனைவியின் முகம் இருந்த அதே உயரத்தில், கண் போய் நிற்கும். பிறகு அண்ணாந்தபடியே எழுந்து, அரை அடி தள்ளி, சமையலறைக்கு நடக்கும்.

முதல் தடவை பார்த்தபோது மூக்கண்ணனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இரண்டு மாசத்தில் பழகிவிட்டது. அதற்கப்புறம் அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. அவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரிவதில்லை. பூனையின் கண் போகிற இடத்தை வைத்து, இப்போது இங்கே நிற்கிறாள், இப்போது அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள் என்று தெரிந்துகொள்வார். அதற்காகத்தான் வழி விடுவது. இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

அவருக்குச் சலவைக் கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளும் லாட்ஜுகளும் அனுப்புகிற அழுக்குத் துணியைப் பிரித்து மெஷினில் போடுவது. இருபத்தெட்டு வருஷம் பிளீச்சிங் ஆவியைக் குடித்துக் குடித்து மூக்கு செத்துப்போனது. சாக்கடையும் சோப்பும் அவருக்கு ஒன்றுதான். அதனாலேயே மூக்கண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அழுக்கு அறைக்கு இவரைவிடத் தோதான ஆள் கிடைப்பானா என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். மனைவி கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியின் துணியும் அங்கேதான் வரும். அந்த வாரம் அவள் படுத்த பெட்ஷீட்டும் வந்திருக்கும், அவர் கையாலேயே மெஷினுக்குள் போயிருக்கும். எது என்று தெரியாது. எல்லாம் வெள்ளை.

கூடத்தில் பாய்லருக்குப் பின்னால், வெதுவெதுவென்று இருக்கும் இடுக்கில், ஒரு தெருப்பூனை இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒரு மாசத்துக் குட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று மண் நிறம். திங்கட்கிழமை தாயைக் காணவில்லை. குட்டிகள் கத்துவதைக் கேட்டுக் கண்டுபிடித்தவள் மடிப்பக்கா. காய்ந்த துணி மடிக்கிற மேசைக்கு அவள்தான் ராணி. மூக்கண்ணனைவிடப் பத்து வயது சின்னவள், இருந்தாலும் கூடத்தில் எல்லோருக்கும் அக்கா. வெள்ளிக்கிழமை பாய்லரைப் பிரித்துப் பழுது பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் இடுக்கு காலியாக வேண்டும், இல்லாவிட்டால் சாக்கில் போட்டு ஆற்றுப் பக்கம் விட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ரகம். மடிப்பக்கா வீட்டிலோ கடிநாய் ஒன்று உண்டு.

"ஏண்ணே, உங்க வீட்டுலதான் ஒரு கிழவி இருக்காளே. அவளுக்குத் துணையா ஆச்சு."

அவளுக்குத் துணை இருக்கு என்று தொண்டை வரைக்கும் வந்ததை மூக்கண்ணன் விழுங்கினார். வயசான பூனை, சின்னதுகளைத் தாங்காது என்று மட்டும் சொன்னார்.

"நீங்க பூனையப் பத்திப் பேசுறீங்களா, உங்களப் பத்திப் பேசுறீங்களா?"

அவருடைய பயம் அவளுக்கு எப்படித் தெரியும்? குட்டிகள் வந்தால் மூத்தவளின் கண் கீழே இறங்கிவிடும். காலைச் சுற்றி இரண்டு வால் ஓடுகிற வீட்டில் ஐந்தடி உயரத்தை எந்தப் பூனை பார்க்கும்? மூத்தவள் பார்ப்பதை நிறுத்திவிட்டால், மனைவி எங்கே நிற்கிறாள் என்று அவருக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

மடிப்பக்கா விடவில்லை. மிருக டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மூக்கண்ணன் அங்கே போனார். டாக்டரம்மா ஒரு முயலின் காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பதினாலு வயசு என்றால் யோசிக்கத்தான் வேண்டும் என்றார். சில பூனை சாப்பாட்டை நிறுத்திவிடும், சிலது கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விடும் என்றார். மூக்கண்ணன் நிம்மதியாக எழுந்தார்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல. பூனைக்குக் கண்ணவிட மூக்குதான் பெருசு. உங்க பூனை தினம் படுக்குற துணிய எடுத்து குட்டிங்கள நல்லாத் தொடைங்க. அதே துணிய திரும்ப அதுகிட்ட போடுங்க. மோந்து பாத்துட்டு ஏத்துக்கிச்சுன்னா தைரியமாக் கொண்டு வாங்க. சீறிட்டுப் போனா வேணாம்."

மூக்கண்ணன் மறுபடியும் உட்கார்ந்தார். மூத்தவள் தினம் படுக்கிறது மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டரில்.

அவள் போன மூன்றாம் மாசம் கொழுந்தியாள் வந்து அக்காவின் துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோனாள். மேலே பூனை படுத்திருந்ததால் ஸ்வெட்டர் மட்டும் தப்பியது. ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவர் வீட்டில் அந்த ஒரு துணி மட்டும் தண்ணீர் படாமல் கிடந்தது. அதில் அவள் வாசம் இன்னும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. முகத்தில் அமுக்கி மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார். கட்டையை மோந்த மாதிரி இருக்கும். ஆனால் மூத்தவள் விடாமல் அதிலேயே படுக்கிறதே, அப்படியானால் இருக்கத்தான் வேண்டும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனைவி ஐந்து மணிக்கு வீட்டை அடையாளம் கண்டு வருகிறாள் என்று அவருக்குள் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடந்தது.

புதன்கிழமை காலையில் ஸ்வெட்டரை எடுக்கப் போனபோது மூத்தவள் லேசில் எழுந்திருக்கவில்லை. தூக்கிக் கீழே விட்டார். அது அவரை ஒரு பார்வை பார்த்தது.

கூடத்தில் அதை முதலில் மடிப்பக்காவிடம் நீட்டினார். செத்துப்போன மனைவியுடையது என்றும், துவைக்காமல் வைத்திருக்கிறேன் என்றும், ஒரு தடவை மோந்து பார் என்றும் சொன்னார். ஐந்து மணி விஷயத்தை விட்டுவிட்டார். மடிப்பக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கழுத்துப் பக்கம் முகத்தை வைத்து, கண்ணை மூடி, வெகு நேரம் நின்றாள். அப்புறம் அவள் வாயைத் திறந்ததும் மூக்கண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்மா. சொல்லாத."

"அப்புறம் எதுக்குண்ணே மோந்து பாக்கச் சொன்னீங்க?"

"தெரியல. சொல்லாத."

அவள் சொல்லவில்லை. குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூக்கண்ணன் ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்கவே இரண்டும் ஸ்வெட்டரின் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கிப்போயின. பிரிக்க மனசு வராமல் ஒரு துணிக்கூடையில் அப்படியே வைத்து, மெஷின் பக்கத்தில் ஓரமாக வைத்தார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது, இரண்டு மணி நேரம் தாமதமாக. சூப்பர்வைசர் கத்தத் தொடங்கினார். கூடை கூடையாக வந்து இறங்கியது. மூக்கண்ணன் கவிழ்த்துக்கொண்டே போனார். இருபத்தெட்டு வருஷத்துக் கை. கூடையைக் கண்டால் கவிழ்க்கும், கண்ணைக் கேட்காது.

கதவைப் பூட்டி, தண்ணீர் ஏறி, மெஷின் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் வட்டக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கை தெரிந்தது.

ஓரத்தில் இருந்த கூடை காலி. குட்டிகள் என்றுதான் முதலில் நினைத்தார். அவருக்கு உயிரே போய்விட்டது. திரும்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் மடிப்பக்கா தட்டில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் மடியில் கறுப்பு ஒன்றும் மண் நிறம் ஒன்றுமாக இரண்டு தலை. எப்போதோ வந்து எடுத்துப் போயிருக்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

கொதிக்கிற தண்ணீரில் ஐம்பது நிமிஷம். பூட்டிய கதவு நடுவில் திறக்காது. அவர் முன்னால் போய் நின்றார். வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் அந்தக் கை மேலே வரும், கண்ணாடியைத் தடவும், உள்ளே போகும். திரும்ப வரும். கூப்பிடுகிறதா, போய் வருகிறேன் என்கிறதா என்று தெரியவில்லை. என்ன மூக்கா, உள்ளே படம் ஓடுதா என்று கேட்டபடி வந்த சூப்பர்வைசர், அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார்.

வெளியே எடுத்தபோது கம்பளி இறுகிச் சுருங்கி, நாலு வயசுக் குழந்தைக்குப் போடுகிற அளவில் இருந்தது. மடிப்பக்கா வாங்கிப் போய் உலர்த்தினாள். மேசையில் விரித்து, இரண்டு கையையும் உள்ளே மடக்கி, குழந்தைத் துணி மடிக்கிற மாதிரி மடித்தாள். வேறு மாதிரி மடிக்க அவள் கைக்கு வரவில்லை.

"இப்பச் சொல்லட்டுமாண்ணே?"

அவர் தலையசைத்தார்.

"வெங்காய வாசம் இருந்துச்சு. லேசா."

மனைவி எங்கே வேலை பார்த்தாள் என்று அவர் இந்தக் கூடத்தில் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரை நாற்காலியில் அதன் பழைய இடத்தில் வைத்தார். மூத்தவள் வந்து மோந்தது. ஒரு தும்மல் போட்டது. இறங்கிப் போய் வெறும் தரையில், அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. எல்லாம் போச்சு என்று மூக்கண்ணன் நடையின் கோடியில் உட்கார்ந்தார். செத்த மூக்கோடு இருந்தவர், இருந்த ஒரே வாசத்தையும் தன் கையால் வெளுத்துவிட்டார். இனி எதைப் பிடித்துக்கொண்டு அவள் வருவாள்?

ஐந்து மணி ஆனது. மூத்தவள் அசையவில்லை. ஐந்து தாண்டியது. கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார்.

அப்போது மூத்தவள் எழுந்தது. முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. கதவுக்குப் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தது.

மூக்கண்ணன் உட்கார்ந்தபடியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். மூத்தவள் அண்ணாந்தபடி, அரை அடி தள்ளி, நடந்து வந்தது. ஆனால் சமையலறைக்குப் போகவில்லை. நாற்காலிக்கு எதிரில் நின்றுவிட்டது. இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் இறங்காத அதன் கண் மெல்லக் கீழே இறங்கியது. நாலடி. மூன்றடி. நாற்காலியின் உயரத்துக்கு வந்து நின்றது, யாரோ அந்தச் சின்ன ஸ்வெட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. வெகு நேரம் அங்கேயே நின்றது. மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று மூச்சையும் அடக்கினார்.

பிறகு மூத்தவள் அவரிடம் வந்தது. குட்டிகளைத் துடைத்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது. சீறவில்லை. கட்டை விரலை ஒரே ஒரு தடவை நக்கிவிட்டுப் போய், சுருங்கின ஸ்வெட்டரின் மேல் கால் பாதி வெளியே தொங்கப் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை ஓர் அட்டைப்பெட்டியில் குட்டிகள் வந்தன. டாக்டரம்மா சொன்னபடி ஒரு வாரம் தனி அறை, மூடின கதவு. கதவிடுக்கு வழியாக மூத்தவள் சீறத்தான் செய்தது, அதுகளும் பதிலுக்குச் சீறின. இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. திருப்பிக் கொண்டுபோய்விடலாமா என்று மூக்கண்ணன் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கும் ஐந்து மணிக்கு மூத்தவள் வாசல் கதவுக்குப் போவதைப் பார்த்து, பெட்டியை மடக்கிப் போட்டார். மூன்றாம் வாரம் கறுப்புக்குட்டி துணிந்து போய் மூத்தவளின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. மூத்தவள் சலித்துக்கொண்டு, வேறு வழியில்லை என்பதுபோல, அதன் காதை நக்கிவிட்டது.

அன்றைக்கு ஐந்து மணிக்கு மூத்தவள் இறங்கவில்லை.

குட்டி வயிற்றில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. மூடின கதவுக்கு வெளியே ஒருத்தி கைப்பையோடு நின்றுகொண்டே இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் மூக்கண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார். அவள் போனதிலிருந்து அந்த நேரத்துக்கு அவர் கதவைத் திறந்ததே இல்லை. தாழ்ப்பாளை எடுத்துத் திறந்தார். வெளியே படிக்கட்டில் மங்கின வெயில். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சட்டை ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவர் வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

நாற்காலியில் மூத்தவள் படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கியது. கண் ஐந்தடி உயரத்துக்குப் போனது. கதவிலிருந்து நடை வழியாக மெதுவாக நகர்ந்து வந்தது.

மண் நிறக் குட்டி நடையின் நட்டநடுவில் மல்லாந்து கிடந்தது.

"எந்திரிடீ," என்றார் மூக்கண்ணன் குனிந்து. "அம்மா வர்றா. வழி விடு."