விழாத தூசி

முறத்தில் காலித் தோட்டாக்கள் துள்ளின. கமருன்னிசா கொல்லைக் கொட்டகையின் வாசலில் நின்று, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரிசி புடைப்பது போலவே அவற்றைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உமி முன்னால் பறந்தது. பித்தளை பின்னால் தங்கியது. ஒவ்வொரு தடவை முறம் எழுந்து இறங்கும்போதும் கலகலவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குள் எங்காவது ஒரு தோட்டா 'தொப்'பென்று ஊமையாக விழுந்தால் அவள் கை நின்றுவிடும். அதை மட்டும் பொறுக்கி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். கண்ணுக்கே தெரியாத ஒரு விரிசல் அதில் இருக்கும். கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் அவள் காது தவறியதே இல்லை.

பாலக்கரையில் குத்புதீனின் துப்பாக்கிக் கடை சின்னதுதான். லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர்களும், வயலில் பன்றி விரட்டுகிறவர்களும் சுட்டுத் தீர்த்த பித்தளைத் தோட்டாக்களைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வெடிமருந்தும் ரவைக் குண்டும் அடைப்பதெல்லாம் கடையில். கரி பிடித்த பித்தளையைத் துலக்குவது மட்டும் வீட்டில். அதற்காகக் குத்புதீன் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்து, சைக்கிள் பெடலும் செயினும் பூட்டி, உள்ளே உமியைப் போட்டுச் சுழலவிட்டிருந்தான். ஒரு மணி நேரம் மிதித்தால் கருப்பாகப் போனது தங்கம் மாதிரி வெளியே வரும். அவன் மிதிப்பான், அவள் புடைப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருவரும் நிறையப் பேசிக்கொள்வார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்த நாளில் புதுப்பெண் புருஷனோடு பேசுவதற்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கொட்டகை. மாமியார் மௌத்தாகி வீட்டில் இவர்கள் இருவர் மட்டும் என்றான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. இரண்டுமே நான்காம் மாதத்தில். இப்போது மூன்றாவது முறை. மூன்று மாதம் முடிந்து நான்கு பிறந்திருந்தது. அது அவர்கள் இருவருக்கும், பக்கத்துச் சந்தில் குடியிருந்த நர்ஸ் பேட்ரிசியாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த பேட்ரிசியா, குடையை மடக்கியபடியே முற்றத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, வாந்தி நின்னுச்சா? இல்ல உன் வீட்டுக்காரருக்கும் சேத்து நீயே எடுக்கிறியா?"

கமருன்னிசா வாயைப் பொத்தாமல் சிரித்துவிட்டாள். பேட்ரிசியாவின் முகம் மாறியது.

"எங்க, இன்னொரு தரம் சிரி."

"போங்கக்கா, சும்மா கிண்டல் பண்ணிக்கிட்டு."

"கிண்டல் இல்ல. உதட்டைத் தூக்கிக் காட்டு."

பேட்ரிசியாவே விரலால் அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பேனா மையால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய நீலம். பேட்ரிசியா விரலை எடுத்தாள். பிறகு, "எங்க தைரியராஜ் அண்ணனுக்கு இருந்துச்சு இந்தக் கோடு. அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கிற வேலை. ஈயம் உடம்புல சேந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இந்த வீட்ல ஈயம் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள்.

கமருன்னிசா கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தோட்டாவின் அடியில் இருக்கும் தொப்பி வெடிக்கும்போது அதன் மருந்தில் உள்ள ஈயம் கரியோடு உள்ளே ஒட்டிக்கொள்கிறது. உமி அதைத் தேய்த்துப் பொடியாக்குகிறது. முறம் அதை மூக்குக்குக் கொண்டுவருகிறது. போன இரண்டும் அதனால்தானா என்று இப்போது சொல்ல முடியாது. இது தங்க வேண்டுமானால் அந்தத் தூசி இனி ஒரு துளியும் அவளிடம் போகக் கூடாது.

அவளோடு திரும்பி வந்த குத்புதீன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நானே ஊதி விட்டிருக்கேன் கமரு," என்றான். "பீப்பாயை மிதிச்சு மிதிச்சு உன் முகத்துக்கு நேரா நானே ஊதி விட்டிருக்கேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க மச்சான்? புடைச்சது என் கைதானே."

அந்த வாரம் முழுவதும் அவன் தூசியோடு சண்டை போட்டான். பீப்பாயின் மூடிக்குச் சைக்கிள் டியூபை வெட்டி வளையம் போட்டான். அதன்மேல் இரண்டு கோணிச் சாக்கை நனைத்துச் சுற்றினான். தரையில் தண்ணீர் தெளித்தான். முறத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டுச் சல்லடையை வைத்து மெதுவாகச் சலித்தான், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. கமருன்னிசா கொட்டகைக்குள் வரவே கூடாது என்று கட்டளை. முற்றத்துக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். சத்தமாகப் பேசிக்கொண்டார்கள்.

"கேக்குதா? இப்ப விழுந்ததுல ஒண்ணு ஊமை!" என்று அவள் கத்துவாள்.

"எதும்மா? நாலு விழுந்துச்சே!"

"மூணாவது!"

வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கே மிதித்து முடித்து, பெருக்கி, கதவைச் சாத்திவிட்டு அவன் கடைக்குப் போய்விட்டான். ஜும்மாத் தொழுகைக்குக் குளிக்கப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். துவைத்த கைலியை எடுக்கக் கொடிக்குப் போன கமருன்னிசா முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கொட்டகைக் கதவு காற்றில் திறந்திருந்தது. கூரையில் ஓட்டுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். உச்சி வெயில் அதன் வழியாக நேராக இறங்கி, இருட்டுக் கொட்டகையின் நடுவில் ஒரு தூணாக நின்றது.

தூண் உயிரோடு இருந்தது. அதற்குள் கோடி கோடியாக ஏதோ மின்னிக்கொண்டு மிதந்தது. சில மேலே போயின. சில ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. பொன்னைப் பொடி செய்து யாரோ அந்தரத்தில் தொங்கவிட்டது போல. அத்தனை அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. அழகு என்று மனசு சொன்ன அதே கணத்தில் அது என்னவென்றும் புரிந்து, அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"மச்சான், இங்க வாங்களேன்."

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவன் அவள் பக்கத்தில் நின்றான்.

"காலைல எட்டு மணிக்கு நிறுத்தினேன்," என்றான், யாருக்கோ கணக்குச் சொல்வது போல. "நாலு மணி நேரம்."

"அது விழவே இல்லைங்க."

அவன் வாசலிலிருந்தே ஒரு தடவை கைதட்டினான். அந்தச் சின்ன அசைவுக்கு, பத்தடி தள்ளி இருந்த தூண் முழுவதும் நெளிந்து, சுருண்டு, பிறகு மெல்ல அடங்கியது. அவன் கையைக் கீழே இறக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இருவரும் அசையவில்லை.

"ரப்பே," என்றான் குத்புதீன். "இது நம்ம வீட்லயா இருந்துச்சு? இவ்வளவு நாளா?"

ஜும்மா முடிந்து அவன் ஓடி வந்தபோது வெயில் சாய்ந்து, தூண் சுவரோரம் நகர்ந்திருந்தது. உள்ளே மின்னுவது மட்டும் நிற்கவில்லை. மனிதன் தொழுதுவிட்டு வரும் நேரத்துக்குள் தரைக்கு வந்து சேரக்கூடத் தெரியாத அவ்வளவு லேசான ஒன்று, இரண்டு உயிர்களைத் தடுத்திருக்கக்கூடும் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. அவன் முற்றத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"பறந்துட்டா பிடிக்க முடியாது கமரு. பறக்கவே விடக்கூடாது."

"நனைச்சிட்டா?"

"நனைச்சிட்டா."

பித்தளை என்றால் புளி. அதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரு படி புளியைக் கரைத்து, தோட்டாக்களை அண்டாவில் போட்டு ஊறவைத்தான். குடம், செம்பு என்றால் தேய்த்து உடனே கழுவிவிடுவார்கள். ஊறினால் இன்னும் பளிச்சென்று வரும் என்று இவன் ஒரு பகல், ஓர் இரவு விட்டுவிட்டான். காலையில் எடுத்தபோது எல்லாம் செம்பு நிறத்தில் சிவந்திருந்தன. ஒன்றின் வாயைக் குறடால் அழுத்தினான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. துப்பாக்கிக்குள் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! நூற்றிருபது தோட்டாவையும் சுத்தியலால் தட்டி நசுக்கிப் போட்டான்.

"ரசம் நல்லா இருந்துச்சா?" என்று பேட்ரிசியா கேட்டுவிட்டுப் போனாள். போகும்போது, "தலைக்குப் போடறோமே பூந்திக்கொட்டை, அது புளிக்காதுல்ல?" என்றும் சொன்னாள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு பீப்பாய் சுழன்றபோது வேறு மாதிரி சத்தம் வந்தது. சளக், சளக் என்று, வயிற்றுக்குள் ஏதோ புரளுகிற மாதிரி. மூடியைத் திறந்ததும் நுரைக்கு அடியில் தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது. அத்தனையும் காற்றில் போயிருக்க வேண்டியது. குத்புதீன் அதைச் சாக்கடையில் ஊற்றவில்லை, முருங்கை மரத்தடியிலும் ஊற்றவில்லை. பழைய மண்தொட்டியில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, அடியில் தங்கியதைத் தகர டப்பாவில் அடைத்து, திறக்க முடியாதபடி மூடியைப் பற்றவைத்தான்.

ஆனால் கொட்டகையின் ஓட்டிலும் உத்தரத்திலும் சுவர் வெடிப்பிலும் பல வருஷத் தூசி உட்கார்ந்திருந்தது. அதை ஈரத்துணியால் துடைத்து, சுண்ணாம்பு அடித்து முடிக்க மாசக் கணக்காகும். அதுவரை இவள் இங்கே இருக்கக் கூடாது என்று பேட்ரிசியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கமருன்னிசா பெட்டியோடு காவேரிக்கு அக்கரையில் திருவானைக்காவலில் இருந்த பெரியம்மா ரோஷன் பேகத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாரம் இரண்டு தடவை குத்புதீன் வந்தான். எப்போதும் தலை ஈரமாக, கண் சிவந்து, வெளுத்த கைலியும் சட்டையுமாக வந்தான்.

"உன் மாப்பிள்ளை என்னடி, எப்பப் பாத்தாலும் நனைஞ்ச கோழியா வர்றாரு?" என்றாள் பெரியம்மா. "பாலத்துல நடந்து வர்றாரா, பாலத்துக்கு அடியில நடந்து வர்றாரா?"

"வெயிலுக்குக் குளிச்சேன் பெரியம்மா," என்பான் அவன். கமருன்னிசா தண்ணீர் கொடுத்தால் செம்பைத் தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசுவான். அவளுக்குள் ஒரு சின்ன வருத்தம் முள்ளாக இருந்தது. தன்னைத் தொடவே பயப்படுகிறானோ, போன இரண்டையும் நினைத்து விலகுகிறானோ என்று.

ஐந்தாம் மாதம் பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அவள் வயிற்றில் எதுவும் இவ்வளவு நாள் இருந்ததில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு வருகிறவன் பதினொன்றாகியும் வரவில்லை. பெரியம்மா தடுத்ததைக் கேட்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காவேரிக் கரைக்கு நடந்தாள்.

படித்துறையில் கூட்டம் இல்லை. மேல்படியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், அதன்மேல் அவளுக்குத் தெரிந்த செருப்பு. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று குத்புதீன் பீர்க்கங்கூட்டால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நகமாக, ஒவ்வொரு இடுக்காக. பிறகு காது மடல், புருவம், தாடி. தேய்த்த இடமெல்லாம் சிவந்திருந்தது. ஒரு குழந்தையைக் கழுவுகிற கவனத்தோடு அவன் தன்னையே கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் தூசி தன்னிடம் வரக் கூடாதென்று, ஒவ்வொரு தடவையும் இங்கே குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அவள் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் இருந்த கைலியிலும் சட்டையிலும் சவுக்காரமும் வெயிலும் மணத்தன.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

"அங்கேயே இரு கமரு! கிட்ட வராத!"

"அஞ்சு பொறந்துடுச்சு மச்சான்!"

அவனுக்குக் கேட்டது. ஈரக் கையை ஒரு தடவை நெஞ்சில் வைத்தான்.

"இன்னும் மூணு முழுக்கு இருக்கு," என்றான் கடைசியில். "முடிச்சிட்டு வந்துடறேன்."

முங்கினான். தலை இருந்த இடத்தில் ஒரு வளையம் எழுந்து, இன்னொன்றாகி, படியை நோக்கி அகன்றுகொண்டே வந்தது. அவள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.