தொள்ளாயிரம் எழுத்துருக்கள்

வீட்டு முன்கட்டிலிருந்த அச்சுக்கடையில் நாசியா மௌசை ஆட்டிப் பார்த்தாள். திரையில் மணற்கடிகாரம் அப்படியே நின்றது. அவளைப் பெற்ற அத்தா ஹபீப் ரஹ்மான் இரவு தொழுதுவிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். பதினொரு மணி பஸ்ஸில் நோட்டீஸ் போனால்தான் திருப்புலி நாட்டு மலைக்கிராம ஜனங்கள் வந்து முகம் பார்க்க முடியும். நோட்டீஸ் அடிக்கிற மென்பொருளோ திறந்தபாடில்லை.

குற்றம் அத்தாவுடையதுதான். சேலம் போகிறவர்கள் மாம்பழம் வாங்கி வருவார்கள். அவர் பிளாப்பி நிறைய எழுத்துரு வாங்கி வருவார். தொள்ளாயிரம் சேர்ந்துவிட்டன. அத்தனையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மென்பொருள் வேலைக்கு வரும். அந்த இடைவெளியில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீக்கடைகள் பிழைத்தன.

"எல்லா ஃபான்ட்டையும் அழிச்சுடு. நாலு போதும், பட்டுனு தொறக்கும்," என்றான் அண்ணன் ரமீஸ்.

"இத அத்தாகிட்டச் சொல்லியிருப்பியா?"

சொல்லியிருந்தான். அத்தா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

உள்ளேயிருந்து அம்மா தாஹிரா பீவியின் குரல் வந்தது. "குளிப்பாட்டி கஃபன் துணியும் போட்டாச்சு. அது இன்னுமா தொறக்கல?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் செல்லமுத்து கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நோட்டீஸ் எங்க கண்ணு?"

"தொறந்துட்டு இருக்குதுங்க."

தன் கல்யாணப் பத்திரிகைக்கு இதே கடையில் அரைநாள் காத்துக்கிடந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டிரைவரிடம் திரும்பினார். "வண்டிய ஆஃப் பண்ணுங்க. பாய் கம்ப்யூட்டரு."

பாதி பஸ் டீ குடிக்கப் போனது. மீதி கடை ஜன்னலில் கூடியது.

ஒருவழியாகத் திறந்தது. நாசியா பெயரை அடித்தாள். எந்த எழுத்தில் வைப்பது? ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய மனிதர், தனக்கு எது பிடிக்கும் என்று சொன்னதேயில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எம்மக கல்யாணத்துக்கு வளைஞ்சாப்புல ஒண்ணு போட்டாரு. அத வெச்சுப் பாரு சாமி," என்றாள் ஜன்னலில் நின்ற சென்னம்மாள்.

வைத்தாள்.

"எங்க ஊட்டுக் காதுகுத்துக்குப் போட்டதையும் பாரு கண்ணு," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அதையும் வைத்தாள். அடுத்து ஒரு புதுமனை புகுவிழா, ஒரு திருவிழா. அத்தாவின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது.

செல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.