கோட்டையிலிருந்து தெரியும் வீடு

"வீட்டு முற்றத்தில் நின்று கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கோட்டையில் நின்றால் என் வீடு எப்படித் தெரியும் என்பதுதான் தெரியாது. நீ பார்த்துவிட்டு வந்து சொல்லு, ராஜா."

மெல்பேணில் ட்ராம் ஓட்டும் ஹஸன் இதைச் சொன்னது 1976இல், சிட்னி ரோட்டில் மழைக்குள் வண்டி நின்றுபோன ஒரு மாலையில். கேட்டுக்கொண்டிருந்த கொண்டக்டர் வரதராஜா யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மனைவி இரஞ்சிதத்துடன் துருக்கியில் ஹஸனின் ஊரில் இறங்குவதாக இருந்தார். ஹஸனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பட்டாளத்தில் சேராமல் ஊரைவிட்டு வந்தவன். அங்கே கால் வைத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த ஊர்க் கடற்கரையில் வீடுகள் எல்லாமே வெள்ளை. அதனால், வரதராஜா போய்ச் சேரும் வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் சிவப்புக் கம்பளத்தைத் தொங்கவிடும்படி ஹஸன் தாய்க்கு எழுதியிருந்தான்.

"வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேனே?"

"வேண்டாம். அந்தக் கதவில் நீ வந்து நின்றால், நான் வரமாட்டேன் என்பது அவளுக்கு முடிவாகிவிடும்."

வெள்ளி காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது கோட்டை. வரதராஜா கமெராவைத் தோளில் மாட்டினார். இரஞ்சிதம் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப வேண்டாம். இராகு காலம். ஒரு தாயின்ர விசயமாப் போறம், பன்னிரண்டுக்குப் பிறகு போவம்."

"இவ்வளவு தூரம் வந்தும் உமக்கு இராகு விடேல்லையோ?"

"இராகுவுக்கு என்ன விசாவே வேணும்? இருங்கோ."

பன்னிரண்டு கழித்துப் போனபோது வாசல் பூட்டியிருந்தது; வெள்ளிக்கிழமை அரை நாள்தானாம். நாளைக்கு வா என்று காவலாளி கையைக் காட்டினான். அன்று முழுக்க வரதராஜா மனைவியுடன் பேசவில்லை. கம்பளம் வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தானே?

சனி காலை வாசல் திறந்ததும் உள்ளே போனார்கள். சிலுவைப் போர் வீரர்கள் கட்டிய கோட்டை இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த மண்சாடிகள், கழுத்தில் சிப்பி ஒட்டியபடி, சுவரில் சாய்ந்து நின்றன. இரஞ்சிதம் ஒன்றின் முன்னால் நின்றாள்.

"எண்ணெய்ச் சாடியாம். வந்து சேரும் எண்டு அங்கால எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்?"

வரதராஜா கோபுரப் படிகளில் ஏறினார். மேலே போய் வெறுங்கையோடு திரும்பப்போகிறோம் என்றே நினைத்தார். சரிவு முழுக்க வெள்ளை வீடுகள். அவற்றின் நடுவே, கரையை ஒட்டி, ஒரே ஒரு சிவப்பு.

கம்பளம் கிடந்தது. மாடியில் ஆள் இல்லை. காற்று அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கையை ஆட்டவேண்டும் போலிருந்தது வரதராஜாவுக்கு. யாருக்கு ஆட்டுவது? படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"பாத்தனீங்களோ?" என்று கீழே நின்ற இரஞ்சிதம் பயந்து பயந்து கேட்டாள்.

"ஓம். கம்பளத்தை இன்னும் எடுக்கேல்லை."

மெல்பேணில், வேலை தொடங்குமுன், ஹஸன் அந்தப் படத்தை ட்ராம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குன்றிமணியளவு சிவப்பின்மேல் விரலை வைத்தான்.

"இவ்வளவு கிட்டவா இருக்கிறது!"

"ஒரு நாள் பிந்திவிட்டேன், ஹஸன். இது சனிக்கிழமை எடுத்தது."

"சனிக்கிழமையா?" ஹஸன் நிமிர்ந்தான். "அது அவளுடைய கல்யாணக் கம்பளம். இரவுப் பனியில் விடவே மாட்டாள்." மறுபடி அந்தச் சிவப்பைப் பார்த்தான். "நேற்றுக் கடிதம் வந்தது. உன் சிநேகிதன் பார்த்துவிட்டானா, எடுத்து மடிக்கட்டுமா என்று கேட்கிறாள்."

"இன்னுமா கிடக்கிறது? பார்த்தாயிற்று என்று இன்றைக்கே எழுது."

ஹஸன் படத்தைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு முன்னால் போய் நின்றான்.

"எழுதுகிறேன். இன்றைக்கு வேண்டாம். அது கிடக்கும்வரை அவள் காலையில் மாடிக்கு வந்து கோட்டைப் பக்கம் பார்ப்பாள், ராஜா."

பின்னால் சனம் ஏறிக்கொண்டிருந்தது. வரதராஜா கயிற்றை இழுத்து மணியடிக்கக் கொஞ்சம் தாமதித்தார்.